ஏழு நாள் கெடு

தோற்றது பதினொரு வாக்கில்.
மறுபடி எண்ணினார்கள், அப்போதும் பதினொன்றுதான்.
ஜெயித்தவனுக்குக் கை கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது உறைத்தது:
பெல்மல்லெட்டிலிருந்து சந்தை முக்கு வரை
கம்பத்துக்குக் கம்பம்
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு நாளுக்குள் இறக்க வேண்டும். சட்டம்.
தவறினால் கவுன்சில் அபராதம் போடும்,
நான் உட்கார ஆசைப்பட்ட அதே கவுன்சில்.

ஒரு முகத்துக்கு நாலு கேபிள் டை.
இருநூற்றுப் பத்து முகம்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
எனக்கு இந்த வாரம் எண்கள் பிடிக்கவில்லை.

ஏணி, வயர் வெட்டும் குறடு,
ஏணியைப் பிடிக்க என் கொழுந்தன் எண்டா.
பள்ளிப் பேருந்து ஓட்டிய கை எனக்கு,
ஸ்டியரிங் தவிர எதையும் இறுக்கிப் பிடித்துப் பழக்கமில்லை.

போன தேர்தலில் வாங்கியது வெள்ளை டை,
மலிவாகக் கிடைத்தது.
வேனின் முன் கண்ணாடிக்கடியில்
ஒரு கோடை முழுக்கக் கிடந்த பை.
இழுத்துக் கட்டும்போதே சில படக்கென்றன.
மீதியை மேற்குக் காற்று பார்த்துக்கொண்டது.
மறுநாள் காலை
மெக்ஆண்ட்ரூ வீட்டு மாட்டுத் தொட்டியில்
மூக்கு வரை மூழ்கி நான்.

இந்த முறை டெஸ்ஸி பாடன் கடையில் கேட்டேன்.
"கறுப்பு எடு. கரி கலந்தது.
நைலானுக்கு எமன் மழையில்லை, வெயில்."
இங்கே ஏது வெயில் என்றேன்.
"மேகத்துக்குப் பின்னாலிருந்தும் தின்னும், அட்ராக்டா.
உனக்குத்தான் தெரியாது, பிளாஸ்டிக்குக்குத் தெரியும்."
எத்தனை வருடம் தாங்கும்?
"எட்டு. பத்துகூட."

பதவிக்காலமே ஐந்துதான்.

அதனால் இப்போது குறடு வழுக்குகிறது.
இந்தக் கறுப்புப் பட்டைக்குப் போகத் தெரியும்,
திரும்பத் தெரியாது.
பல் பல்லாக முன்னேறி
ஒரு தரம் கடித்தால் கடித்ததுதான்.
இறுக்கியதும் நான்தான்,
எண்டா கீழிருந்து "போதும், போதும்" என்று கத்தக் கத்த.

பால் பண்ணைத் திருப்பத்துக் கம்பத்தில்
என் டைக்குக் கீழே வேறு டைகள்.
ஐந்து வருடத்துக்கு முந்தைய வெள்ளை,
மஞ்சளாகி, சுண்ணாம்பு மாதிரி;
நகம் பட்டதும் உதிர்ந்தது.
என்னுடையதாகத்தான் இருக்கும்.
அதற்கும் கீழே, துருவோடு துருவாக,
தடித்த கறுப்பு ஒன்று.
"பாட்ரிக் லாவெல் கட்டினது" என்றான் எண்டா.
"எப்படித் தெரியும்?"
"வாலை வெட்டாமல் விடுவார், எப்பவும்."

லாவெல் மூன்று முறை ஜெயித்தவர்.
முதல் முறை நான் நின்றபோது
என் துண்டறிக்கையைப் படித்துப் பார்த்து
"எழுத்துப் பிழை இல்லை" என்று பாராட்டியவர்.
போன நவம்பரில் இறந்தார்.
அவர் தட்டி எப்போதோ போய்விட்டது,
சாலையைப் பற்றி அவர் சொன்னதும் போய்விட்டது,
சாலை அப்படியேதான் இருக்கிறது.
இந்த வளையம் மட்டும்
எதையும் பிடிக்காமல்
கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.
காற்றில் அதன் வால் லேசாகத் தட்டியது, டிக், டிக்.

அதை வெட்டக் குறடை வைத்தேன்.
வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.
"என்ன?" என்றான் எண்டா.
ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டேன்.
அபராதம் வந்தால் லாவெல் கட்டட்டும்.

ஆறாம் நாள் மாலை முடிந்தது.
வெட்டிய டைகள் ஒரு வாளி நிறைய,
இறந்த பூரான்கள் போல.
தட்டிகளில் நல்லதாக ஒன்பதைப் பொறுக்கி
கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டேன்.
முகம் உள்பக்கம்.
மீந்த கறுப்பு டைதான்,
மூலைக்கு இரண்டு.

முதல் இரவு கோழிகள் உள்ளே போக மறுத்தன.
மூன்றாம் இரவு பழகிவிட்டன.
சிவப்புப் பெட்டை மட்டும் இன்னமும்
தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால்
மேலே பார்க்கிறது,
இன்னும் தீர்மானிக்காத வாக்காளர் மாதிரி.